கிடைவரி வெளியீட்டுத் திரிதடையத்தின் தொடர்பழுது

கிடைவரி வெளியீட்டுத் திரிதடையம் என்பது படக்குழாய் வகைத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் எதிர்மின்னிக் கற்றையை இடமிருந்து வலமாக ஓடச் செய்யும் மின்னோட்டத்தைத் தொடுத்தும் துண்டித்தும் இயக்கும் திரிதடையம் (டிரான்சிஸ்டர்) ஆகும். பழைய பெட்டிகளில் மிகுதியாகப் பழுதாகும் உறுப்புகளுள் இதுவும் ஒன்று. பழுதான திரிதடையத்தை நீக்கிப் புதியதைப் பொருத்திய பின், அதுவும் சில நொடிகளிலோ சில நாட்களிலோ எரிந்துபோவது தொடர்பழுது எனப்படும். பெரும்பாலான வேளைகளில் இத்திரிதடையம் பழுதின் காரணம் அன்று. வேறொரு பழுதின் விளைவே ஆகும். எனவே அடிப்படைக் காரணத்தைக் கண்டறியாமல் திரிதடையத்தை மட்டும் மாற்றுவதால் பயன் இல்லை.

பணியும் செயற்படும் முறையும்

இந்தியாவிலும் இலங்கையிலும் பயன்படுத்தப்பட்ட பால் முறை ஒளிபரப்பில் ஒரு முழுப் படம் 625 வரிகளால் ஆனது. நொடிக்கு 25 படங்கள் வீதம் 15,625 வரிகள் வரையப்படுகின்றன. ஆகவே ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோநொடி ஆகும். இதில் ஏறத்தாழ 52 மைக்ரோநொடி கற்றை படத்தை வரைந்துகொண்டு செல்லும் வரைவு நேரம். எஞ்சிய 12 மைக்ரோநொடிக்குள் கற்றை தொடக்க இடத்திற்குத் திரும்ப வேண்டும். இது மீள்வு நேரம் எனப்படும்.

கிடைவரிப் பகுதியில் பின்வரும் உறுப்புகள் இணைந்து செயற்படுகின்றன.

* அலையியற்றி: 15,625 எர்ட்சு அதிர்வெண்ணில் துடிப்புகளை உருவாக்குகிறது.
* இயக்கித் திரிதடையமும் இயக்கி மின்மாற்றியும்: அத்துடிப்புகளை வலுப்படுத்தி வெளியீட்டுத் திரிதடையத்தின் அடிவாய்க்கு அளிக்கின்றன.
* விலக்கச் சுருள்: படக்குழாயின் கழுத்தில் பொருத்தப்பட்டுக் கற்றையை வளைக்கிறது. இது யோக் என்றும் அழைக்கப்படும்.
* மீள்வு மின்மாற்றி: படக்குழாய்க்குத் தேவையான மிகுமின்னழுத்தத்தையும் வேறு பல மின்னழுத்தங்களையும் தருகிறது. பழுதுபார்ப்போர் இதனை எல்.ஓ.டி. என்றும் இ.எச்.டி. என்றும் குறிப்பிடுவர்.
* மீள்வு மின்தேக்கி: திரிதடையத்தின் ஏற்பானுக்கும் தரைக்கும் இடையே இணைக்கப்படுவது. இதன் கொள்ளளவு சில நானோஃபாரட்டு அளவே இருக்கும்.
* தணிப்பு இருமுனையம்: வரைவின் முதற்பகுதியில் மின்னோட்டத்தைக் கடத்துகிறது. பல திரிதடையங்களில் இது உள்ளேயே அமைந்திருக்கும்.

வரைவின் பிற்பகுதியில் திரிதடையம் மூடிய நிலைமாற்றி போலச் செயற்படுகிறது. அப்போது சுருளில் மின்னோட்டம் சீராக உயர்ந்து ஆற்றல் சேமிக்கப்படுகிறது. வரி முடியும் நேரத்தில் திரிதடையம் திடீரெனத் திறக்கிறது. சுருளில் சேர்ந்த ஆற்றல் போக்கிடம் தேடி மீள்வு மின்தேக்கிக்குள் பாய்கிறது. சுருளும் மின்தேக்கியும் அரைச் சுற்று அலைவதால் ஏற்பானில் உயர்ந்த மின்னழுத்தத் துடிப்பு ஒன்று தோன்றுகிறது. அத்துடிப்பு முடிந்ததும் தணிப்பு இருமுனையம் கடத்தத் தொடங்கி அடுத்த வரி ஆரம்பமாகிறது.

திரிதடையம் தாங்கும் மின்னழுத்தம்

மீள்வுத் துடிப்பின் உச்ச அளவைப் பின்வரும் தொடர்பால் தோராயமாகக் கணிக்கலாம்.

உச்ச மின்னழுத்தம் = ஊட்டு மின்னழுத்தம் × (1 + 1.57 × வரைவு நேரம் ÷ மீள்வு நேரம்)

ஊட்டு மின்னழுத்தம் 115 வோல்ட்டு எனவும் மீள்வு நேரம் 12 மைக்ரோநொடி எனவும் கொண்டால் உச்ச மின்னழுத்தம் ஏறத்தாழ 900 வோல்ட்டு ஆகும். பி.யூ. 208, பி.யூ. 508 முதலிய திரிதடையங்கள் 1,500 வோல்ட்டு வரை தாங்குமாறு உருவாக்கப்பட்டவை. எனவே இயல்பு நிலையில் போதிய இடைவெளி உள்ளது.

மீள்வு நேரம் மீள்வு மின்தேக்கியின் கொள்ளளவின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்தில் அமைகிறது. இம்மின்தேக்கி முதுமையால் தன் கொள்ளளவில் பாதியை இழந்தால் மீள்வு நேரம் சுமார் 8.5 மைக்ரோநொடியாகக் குறையும். உச்ச மின்னழுத்தம் 1,300 வோல்ட்டை நெருங்கும். கொள்ளளவு கால்பங்காகக் குறைந்தால் கணக்குப்படி 1,860 வோல்ட்டு தோன்ற வேண்டும். அந்நிலையை எட்டும் முன்னரே திரிதடையம் உடைந்துபோகும். சில பைசா அளவுக்குத் தேய்ந்த ஒரு சிறு உறுப்பு, தன்னைவிட விலை கூடிய உறுப்பை மீண்டும் மீண்டும் அழிப்பது இவ்வாறே ஆகும்.

பழுதின் அறிகுறிகள்

பழுதான திரிதடையத்தில் பெரும்பாலும் ஏற்பானுக்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே குறுக்குச் சுற்று ஏற்பட்டிருக்கும். பெட்டி இயங்காது. மின்வழங்கியின் அமைப்பைப் பொறுத்து உருகி எரிந்திருக்கலாம். அல்லது மின்வழங்கி தொடங்கித் தொடங்கி நின்று 'டிக் டிக்' என ஒலிக்கலாம்.

பன்மானியால் அளக்கும்போது இரு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவதாக, சுற்றில் பொருத்தியிருக்கும் நிலையில் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே இயக்கி மின்மாற்றியின் சுருள் இருப்பதால் அங்கு மிகக் குறைந்த தடையே காட்டும். இது பழுதன்று. இரண்டாவதாக, பெயரின் இறுதியில் 'டி' எழுத்துள்ள பி.யூ. 508 டி போன்ற ஐரோப்பிய வகைகளில் தணிப்பு இருமுனையம் உள்ளேயே உண்டு. அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே சில பத்து ஓம் அளவிலான மின்தடையும் பெரும்பாலும் உள்ளே இருக்கும். சுற்றிலிருந்து கழற்றி அளந்தாலும் இத்தடை தெரியும். இதைக் கண்டு நல்ல திரிதடையத்தைப் பழுதானது என ஒதுக்கிவிடுவது உண்டு.

தொடர்பழுதின் காரணங்கள்

மிகை ஊட்டு மின்னழுத்தம்

நிலைமாற்றி வகை மின்வழங்கிகளில் வெளியீட்டைக் கண்காணித்துச் சீர்படுத்தும் பகுதியில் சிறிய மின்பகுளி மின்தேக்கிகள் உள்ளன. இவை சூடான மின்தடைகளுக்கும் வெப்பம் கடத்தும் தகடுகளுக்கும் அருகில் அமைந்திருப்பதால் காலப்போக்கில் உலர்ந்துவிடும். அப்போது மின்வழங்கி வெளியீட்டைக் குறைவாகவே உணர்ந்து அதனை மேலும் உயர்த்துகிறது. 115 வோல்ட்டு இருக்க வேண்டிய இடத்தில் 160 வோல்ட்டு தோன்றினால், மீள்வுத் துடிப்பும் அதே விகிதத்தில் உயர்ந்து 1,250 வோல்ட்டு அளவை அடையும்.

இவ்வாறான மிகை மின்னழுத்தத்திலிருந்து பாதுகாக்கப் பல பெட்டிகளில் ஆர். 2 எம். போன்ற காப்பு இருமுனையம் ஒன்று ஊட்டு வழிக்கும் தரைக்கும் இடையே இணைக்கப்பட்டிருக்கும். மின்னழுத்தம் வரம்பு மீறினால் இது தானே குறுக்குச் சுற்றாகி மின்வழங்கியை நிறுத்திவிடும். பெட்டியை எப்படியாவது ஓடச் செய்யும் நோக்கில் இந்த இருமுனையத்தை வெட்டி எறிந்துவிடுவது தவறான பழக்கம். வெட்டியபின் மிகை மின்னழுத்தம் நேரே வெளியீட்டுத் திரிதடையத்தைத் தாக்கும். காப்பு இருமுனையம் குறுக்குச் சுற்றாகியிருப்பதே மின்வழங்கியைச் சோதிக்க வேண்டும் என்பதற்கான தெளிவான சான்றாகும்.

மீள்வு மின்தேக்கியின் பழுது

கொள்ளளவு குறைதல், கால்களின் பற்றாசு விடுதல், உள்ளே பொறி பாய்தல் ஆகியன இதில் ஏற்படும் பழுதுகள். மாற்றும்போது அதே கொள்ளளவும், 1,600 அல்லது 2,000 வோல்ட்டு போன்ற மூல உறுப்பிற்குக் குறையாத தாங்குதிறனும் உடைய பாலிபுரோப்பிலீன் வகையையே பொருத்த வேண்டும். வேறு வகை மின்தேக்கிகள் மீள்வுத் துடிப்பின் மின்னோட்டத்தில் சூடாகி விரைவில் பழுதாகும்.

குறைவான அடிவாய் இயக்கம்

வெளியீட்டுத் திரிதடையம் முழுமையாகக் கடத்த வேண்டும். அல்லது முழுமையாக நிற்க வேண்டும். இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையில் கழியும் ஒவ்வொரு மைக்ரோநொடியும் வெப்பமாக மாறுகிறது. இயக்கி மின்மாற்றி எடையுள்ளது. வெப்பத்தால் மீண்டும் மீண்டும் விரிந்து சுருங்குவது. ஆதலால் அதன் கால்களைச் சுற்றி வளையம் போன்ற மெல்லிய விரிசல் உருவாகும். இதனைப் பழுதுபார்ப்போர் டிரை சோல்டர் என்பர். இந்த இணைப்பு ஒரு கணம் விட்டுப் பிடித்தாலும் திரிதடையம் தெவிட்டு நிலைக்குச் செல்லாமல் மிகுந்த வெப்பமடைந்து எரியும். இயக்கிப் பகுதிக்கு மின்னூட்டம் தரும் மின்பகுளி மின்தேக்கி உலர்தல், அவ்வழியில் உள்ள மின்தடையின் மதிப்பு உயர்தல் ஆகியனவும் இதே விளைவைத் தரும்.

அலையியற்றியின் அதிர்வெண் மாற்றம்

அதிர்வெண் குறைந்தால் திரிதடையம் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் நேரம் கடத்தும். சுருளின் மின்னோட்டம் நேரத்தோடு சேர்ந்து உயர்வதால் உச்ச மின்னோட்டமும் அதனைத் தொடரும் மீள்வுத் துடிப்பும் அதிகரிக்கும்.

மிகைச் சுமை

மீள்வு மின்மாற்றியின் சுருள்களில் இரு சுற்றுகள் ஒட்டிக்கொண்டாலும் அது மின்மாற்றியின் வெளியீட்டைக் குறுக்குச் சுற்றாக்கியதற்கு ஒப்பாகும். விலக்கச் சுருளில் சுற்றுகள் ஒட்டுதல், மீள்வு மின்மாற்றியிலிருந்து மின்னூட்டம் பெறும் பகுதிகளில் இருமுனையம் குறுக்குச் சுற்றாதல், செங்குத்து வெளியீட்டுத் தொகுசுற்று பழுதாதல் ஆகியனவும் மிகைச் சுமையாகும். மின்மாற்றியின் உறையில் மயிரிழை விரிசல் ஏற்பட்டு அங்கிருந்து பொறி பாய்வதும் உண்டு. ஈரப்பதம் மிகுந்த காலத்திலும், உள்ளே தூசியும் பூச்சிகளின் எச்சமும் படிந்த பெட்டிகளிலும் இது மிகுதி.

தவறான மாற்றுத் திரிதடையம்

பெயர் மட்டும் அச்சிடப்பட்ட போலித் திரிதடையங்கள் சந்தையில் உள்ளன. உறை ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே உள்ள சிலிக்கான் சில்லு சிறியதாக இருப்பதால் இவை விரைவில் பழுதாகும். தணிப்பு இருமுனையம் உள்ளே அமைந்த வகைக்குப் பதிலாக அது இல்லாத வகையைப் பொருத்துவதும் தவறு. மின்னோட்டத் தாங்குதிறன் கூடிய திரிதடையத்தைப் பொருத்தினால் நிலைக்கும் என்னும் கருத்தும் எப்போதும் சரியன்று. பெரிய திரிதடையத்திற்குக் கூடுதல் அடிவாய் மின்னோட்டம் தேவைப்படலாம். பழைய இயக்கிப் பகுதி அதனை அளிக்க இயலாதபோது புதிய திரிதடையம் முன்னதைவிடச் சூடாகும்.

திரிதடையத்தின் உலோகப் பகுதி ஏற்பானுடன் இணைந்தது. அதற்கும் வெப்பம் கடத்தும் தகட்டிற்கும் இடையே அபிரகத் தகடு உள்ள பெட்டிகளில் அது கிழியாமல் இருப்பதும், வெப்பக் களிம்பு தடவப்பட்டிருப்பதும் இன்றியமையாதன.

எரியும் நேரத்தைக் கொண்டு காரணத்தை ஊகித்தல்

புதிய திரிதடையம் எவ்வளவு நேரம் நிலைத்தது என்பதே பழுதறிதலில் முதன்மையான தடயமாகும்.

* பெட்டியை இயக்கிய உடனே எரிதல்: மிகை ஊட்டு மின்னழுத்தம், மீள்வு மின்தேக்கித் திறப்பு, மீள்வு மின்மாற்றியில் குறுக்குச் சுற்று.
* சில நிமிடங்கள் ஓடிச் சூடேறி எரிதல்: குறைவான அடிவாய் இயக்கம், மின்மாற்றி அல்லது விலக்கச் சுருளில் பகுதிக் குறுக்குச் சுற்று, வெப்பம் கடத்தும் தகட்டுடன் சரியான தொடர்பின்மை.
* சில நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து எரிதல்: விட்டுப் பிடிக்கும் பற்றாசு, அவ்வப்போது பாயும் பொறி, போலித் திரிதடையம்.
* இயக்கும்போதோ நிறுத்தும்போதோ மட்டும் எரிதல்: தொடக்கத்தில் அலையியற்றிக்கும் இயக்கிக்கும் மின்னூட்டம் ஒழுங்காக வராமை, மின்வழங்கி ஒரு கணம் வரம்பு மீறுதல்.

இவை உறுதியான விதிகள் அல்ல. எனினும் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதை இவை காட்டுகின்றன.

பழுதறியும் படிமுறை

பின்வரும் வரிசையின் நோக்கம், அடிப்படைக் காரணம் நீங்கும்வரை புதிய திரிதடையத்தை முழு ஆற்றலுக்கு உட்படுத்தாமல் இருப்பதாகும்.

1. பழுதான திரிதடையத்தைக் கழற்றிவிட்டு, ஊட்டு வழிக்கும் தரைக்கும் இடையே 60 வாட்டு இழை விளக்கு ஒன்றைச் செயற்கைச் சுமையாக இணைக்க வேண்டும். பெட்டியை இயக்கி ஊட்டு மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். சுற்றுப்படத்தில் குறித்த அளவைவிட மிகுதியாக இருந்தால் மின்வழங்கியைச் சீர்செய்த பிறகே அடுத்த படிக்குச் செல்லலாம். மீள்வு மின்மாற்றியிலிருந்து துடிப்பைப் பெற்றுச் சீராகும் மின்வழங்கிகள் சிலவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது.

2. மின்னிணைப்பை நீக்கி, மீள்வு மின்தேக்கிகளைக் கழற்றிக் கொள்ளளவை அளக்க வேண்டும். சாதாரண அளவி குறைந்த மின்னழுத்தத்தில் அளப்பதால், உயர் மின்னழுத்தத்தில் மட்டும் தோன்றும் பழுது தெரியாது. ஐயமிருப்பின் மாற்றிவிடுதலே சிக்கனம்.

3. இயக்கி மின்மாற்றி, மீள்வு மின்மாற்றி, விலக்கச் சுருளின் இணைப்பி, வெளியீட்டுத் திரிதடையம் ஆகியவற்றின் கால்களில் பழைய பற்றாசை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தோன்றும் இணைப்பும் உருப்பெருக்கியில் விரிசலைக் காட்டுவது உண்டு.

4. மீள்வு மின்மாற்றியை அதிர்வுச் சோதனைக்கு உட்படுத்தலாம். முதன்மைச் சுருளுக்கு ஒரு சிறு துடிப்பைக் கொடுத்தால் நல்ல சுருளில் அலைவுகள் பல சுற்றுகள் நீடித்து மெல்ல அடங்கும். சுற்றுகள் ஒட்டிய சுருளில் ஓரிரு அலைவுகளிலேயே அடங்கிவிடும். பன்மானியால் தடையை அளப்பதால் இப்பழுது தெரியாது. ஆயிரக்கணக்கான சுற்றுகளில் ஒன்றிரண்டு ஒட்டுவதால் தடையில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறிது.

5. துணைச் சுருள்களோடு இணைந்த இருமுனையங்களையும் அவற்றின் சுமைகளையும் குறுக்குச் சுற்று உள்ளதா எனச் சோதிக்க வேண்டும்.

6. புதிய திரிதடையத்தைப் பொருத்தி, மீள்வு மின்மாற்றிக்குச் செல்லும் ஊட்டு வழியில் இழை விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்துப் பெட்டியை இயக்க வேண்டும். குறுக்குச் சுற்றோ மிகைச் சுமையோ இருந்தால் விளக்கு பிரகாசமாக எரியும். பெரும்பகுதி மின்னழுத்தத்தை விளக்கு எடுத்துக்கொள்வதால் திரிதடையம் தப்பும். விளக்கு மங்கலாக எரிந்தால் சுமை இயல்பாக உள்ளது எனக் கருதலாம்.

7. விளக்கு இருக்கும் நிலையிலேயே அலைவுகாட்டியால் அடிவாய்த் துடிப்பின் வடிவத்தையும் அதிர்வெண்ணையும் பார்க்க வேண்டும். ஏற்பானில் அளப்பதற்கு உயர் மின்னழுத்தத்திற்கான ஆய்வுமுனை தேவை.

8. விளக்கை நீக்கிப் பெட்டியைச் சில நிமிடங்கள் இயக்கி நிறுத்த வேண்டும். மின்னிணைப்பைத் துண்டித்து, மின்தேக்கிகளின் மின்னூட்டத்தை இறக்கிய பிறகு திரிதடையத்தின் வெப்பத்தைச் சோதிக்க வேண்டும். கை வைக்க இயலாத அளவு சூடு இருந்தால் காரணம் இன்னும் நீங்கவில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு பெட்டியில் திரிதடையம் மும்முறை மாற்றப்பட்டு ஒவ்வொரு முறையும் பத்து நாட்களில் எரிந்தது எனக் கொள்க. ஊட்டு மின்னழுத்தம் சரியாக உள்ளது. மீள்வு மின்தேக்கியும் மின்மாற்றியும் நல்ல நிலையில் உள்ளன. அளவீடுகள் அனைத்தும் சரியாக இருந்தும் பழுது தொடர்வதால், அளக்கும் நேரத்தில் இல்லாத ஒரு பழுதே காரணமாக இருக்க வேண்டும். பெட்டி இயங்கும்போது காப்பிட்ட குச்சியால் இயக்கி மின்மாற்றியை மெல்லத் தட்டினால் படம் நெளிகிறது. அதன் காலில் உள்ள விரிசலே மூன்று திரிதடையங்களையும் அழித்தது. நான்காவது திரிதடையத்திற்கு முன் தேவைப்பட்டது சிறிதளவு பற்றாசு மட்டுமே.

பாதுகாப்பு

இப்பணியில் உயிராபத்து உண்டு. 230 வோல்ட்டு மின்னிணைப்பை நேராக்கும் முதன்மை மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட்டு இருக்கும். பெட்டி இயங்காமல் போன நிலையில் இம்மின்னூட்டம் வடிய வழியின்றி நெடுநேரம் நிற்கலாம். அதனைத் தகுந்த மின்தடை வழியாக இறக்க வேண்டும்.

வண்ணப் படக்குழாயின் நேர்முனையில் 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. படக்குழாயே ஒரு மின்தேக்கியாக அமைவதால், மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். இதனை இறக்கும்போது படக்குழாயின் வெளிப்புறக் கரிப்பூச்சோடு இணைந்த தரைக்கம்பியையே பயன்படுத்த வேண்டும். சுற்றின் வேறு இடங்களில் இறக்கினால் தொகுசுற்றுகள் பழுதாகலாம். பல பெட்டிகளில் சுற்றின் ஒரு பகுதி மின்னிணைப்போடு நேரடித் தொடர்புடையது. ஆதலால் தனிமைப்படுத்தும் மின்மாற்றி வழியாக இயக்கிச் சோதிப்பதே முறை.

மீள்வுத் துடிப்பு உயர்ந்தால் படக்குழாயின் மிகுமின்னழுத்தமும் உயரும். அளவு மீறிய மின்னழுத்தத்தில் எக்ஸ்-கதிர் வெளிப்பாடு அதிகரிக்கும். 1967ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சில வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் அளவுக்கு மீறிய எக்ஸ்-கதிர்களை வெளியிடுவது தெரியவந்தது. இதனைத் தொடர்ந்து 1968ஆம் ஆண்டு அந்நாட்டில் மின்னணுக் கருவிகளின் கதிர்வீச்சைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. பெட்டியின் புறப்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் மணிக்கு 0.5 மில்லிரான்ட்சன் என்பது தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான வரம்பாக வகுக்கப்பட்டது. மீள்வு மின்தேக்கியின் இணைப்பு விட்டால் பெட்டியே நின்றுவிடுமாறு நான்கு கால்கள் கொண்ட மின்தேக்கிகள் சில பெட்டிகளில் பயன்படுத்தப்பட்டதும் இக்காரணத்தாலேயே ஆகும். எனவே காப்புச் சுற்றுகளை நீக்கிவிட்டுப் பெட்டியை ஓடச் செய்தல் திரிதடையத்திற்கு மட்டுமன்றி எதிரே அமர்ந்து பார்ப்போருக்கும் கேடு தரும்.

வரலாறு

தொடக்கக்காலப் பெட்டிகளில் இப்பணியை பி.எல். 36, பி.எல். 504 போன்ற வெற்றிடக் குழாய்கள் செய்தன. வெற்றிடக் குழாய் சிறிது நேரம் மிகைச் சுமையைப் பொறுத்துக்கொள்ளும். தகடு சிவந்து எச்சரிக்கும். திரிதடையமோ சில மைக்ரோநொடி நேர மிகை மின்னழுத்தத்திலேயே அழிந்துவிடும். 1970களில் உயர் மின்னழுத்தத் திரிதடையங்கள் பரவலானபோது பெட்டிகளின் எடையும் மின்செலவும் குறைந்தன. ஆனால் பழுதறிதலில் கூடுதல் கவனம் தேவைப்பட்டது.

இந்தியாவில் 1982ஆம் ஆண்டு வண்ண ஒளிபரப்புத் தொடங்கிய பின் படக்குழாய்ப் பெட்டிகள் பெருகின. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வழங்கப்பட்டவையும் 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகளே. பின்னர் நீர்மப் படிகத் திரைகள் படக்குழாயின் இடத்தைப் பிடித்தன. இத்திரைகளில் கற்றையை வளைக்கும் தேவை இல்லாததால் கிடைவரி வெளியீட்டுத் திரிதடையமும் இல்லை. எனினும் பழைய பெட்டிகளைப் பேணுவோரும், பழைய நிகழ்பட ஆட்டங்களை அவற்றிற்குரிய திரையிலேயே விளையாட விரும்புவோரும் இப்பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துகின்றனர். புதிய மீள்வு மின்மாற்றிகளும் தரமான திரிதடையங்களும் அரிதாகிவிட்ட நிலையில், ஓர் உறுப்பை வீணாக எரித்துவிடாமல் காரணத்தை முதலில் கண்டறிவது முன்னைவிட இன்றியமையாததாகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* எதிர்மின் கதிர்க் குழாய்
* திரிதடையம்
* மின்தேக்கி
* மின்மாற்றி
* பற்றாசு
* பன்மானி